மெஷின் வயிற்றில் சாமை

ஒடுகத்தூர் போகிற காலை பஸ்ஸில் கண்டக்டர் என் பையைப் பார்த்தார். டிக்கெட் கிழிக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

ஜவுளிக்கடையில் கொடுத்த கட்டைப்பை அது. உள்ளே என் மகள் இனியாவின் தண்ணீர் பாட்டில், ஒரு மாற்று கவுன், பிஸ்கட் பாக்கெட். நடுவில், பையைத் தாண்டி ஒரு முழம் நீட்டிக்கொண்டு, துருப்பிடித்த இரும்புப் பட்டை ஒன்று.

"டீச்சர், இன்னா இது? பசங்கள அடிக்கிறதுக்கா?"

"மரம் அறுக்கிற மெஷினோட பிளேடுண்ணே."

"மெஷின் எங்க?"

"சீட்டுக்கு அடியில. சாக்குல கட்டி வெச்சிருக்கேன்."

குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் மடியில் உட்கார்ந்திருந்த நான்கு வயது இனியாவைப் பார்த்தார்.

"உள்ள பெட்ரோல் இல்லியே?"

"இல்லண்ணே. கவுத்து ஊத்தி ரெண்டு நாள் வெயில்ல காய வெச்சிட்டேன்."

"அத்த மொதல்ல சொல்றதில்லியா?" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஆனால் அடுத்த நிறுத்தத்திலிருந்து என் சீட்டைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் ஒதுங்கியே போனார்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். குழந்தைக்கு ஜுரம் என்றால் ஒரு தெர்மாமீட்டரை நம்பாமல் இன்னொன்று வாங்கியவள். கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிறவள். மூடித்தான் இருக்கும். எப்போதும் மூடித்தான் இருக்கும். ஆனாலும்...

அப்படிப்பட்டவள் எதற்காக மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள்?

ஒரு மரத்துக்காக.

எங்கள் வீடு ஜவ்வாது மலையில் இருக்கிறது. கணவருடைய ஊர். நான் கீழே ஒடுகத்தூர்க்காரி. இங்கே நடுநிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சர். வீட்டுக்குப் பின்னால், நாங்கள் மூன்று பேரும் தூங்குகிற ஷீட் போட்ட அறையை ஒட்டி ஒரு சில்வர் ஓக் மரம். போன வருஷம் பட்டுப்போனது. பட்டதோடு நிற்காமல் மெல்ல அறைப் பக்கமாகச் சாயவும் ஆரம்பித்தது.

"சாயல. உன் கண்ணுக்குத்தான் சாயுது" என்றார் கணவர்.

சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் நூல் பிடித்து அளந்தேன். இரண்டு மாதம் கழித்து மறுபடி அளந்தேன். நான்கு விரற்கடை குறைந்திருந்தது. நூலைக் காட்டினேன். கையில் வாங்கி அவரே ஒரு தடவை அளந்து பார்த்தார்.

வெட்டுவதற்கு அனுமதி எழுதி வாங்கியாகிவிட்டது. கோடாலியால் வெட்டலாம் என்று ஒரு நாள் முயன்றார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் மேலேயிருந்து காய்ந்த கிளை ஒன்று உதிர்ந்தது. நிறுத்திவிட்டார்கள். காவலூர் பக்கம் மெஷின் வைத்திருக்கும் ஒருவருக்குப் போன் செய்தேன். "நாளிக்கு வர்றேன் டீச்சர்" என்றார். மூன்று வாரமாக அவருக்கு நாளைதான். எங்களுக்கோ ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. மழையைவிட, மழைக்கு முன்னால் வருகிற காற்றுதான் என் கவலை.

அப்போதுதான் ஆட்டுக் கொட்டகைப் பரணில் ஒரு உரச் சாக்கு கண்ணில் பட்டது. அவிழ்த்தால்... செயின் சா. ஒரு காலத்தில் ஆரஞ்சு நிறமாக இருந்திருக்கும்.

"அது செத்துப்போன மெஷின்" என்றார் கணவர். "கல்யாணத்துக்கு முன்னாடி ரெண்டு வருஷம் இத்த வெச்சித்தான் ஊரெல்லாம் அறுத்துக்கினு இருந்தேன். நல்லாத்தான் ஓடிச்சி. திடீர்னு ஒரு நாள் நின்னுபூடுச்சி. கயித்த இழுத்து இழுத்து தோள்பட்டைதான் வலிச்சிது."

"ரிப்பேருக்குக் குடுக்கலியா?"

"குடுக்கலாம்னுதான் இருந்தேன்."

ஆறு வருஷமாக இருந்திருக்கிறார்.

நான் கேட்டேன். "இத்த நான் பிரிச்சிப் பார்க்கட்டா?"

கேட்ட நொடியே எனக்குள் பயம். மெஷின் ஓடாவிட்டால் மரம் எங்கள் மேல் விழும். ஓடினால் அதைக் கையில் பிடிக்கப் போவது இவர். ஓடுகிற செயினுக்கும் இவர் காலுக்கும் நடுவில் ஒரு பேண்ட் துணிதான். எந்தப் பயத்தைத் தேர்ந்தெடுப்பது?

"இன்னா டீச்சரம்மா, நீயே கேக்கற, நீயே முழிக்கிற?" என்று சிரித்தார்.

அடுத்த சனிக்கிழமை வாசலில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தேன். கையில் போன், போனில் வீடியோ. ஓட்டை விழுந்த பழைய இட்லித் தட்டு ஒன்று. கழற்றுகிற ஒவ்வொரு ஸ்குரூவையும் ஒரு குழியில் வைத்து, வைத்த வரிசையையும் போட்டோ எடுத்தேன். கணவர் உதவிக்கு வந்தார். இனியாவைத் தார்ப்பாயின் ஓரத்தைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஓரத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றாள். சற்றுத் தள்ளி என் மாமியார் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்.

ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே குளவிக் கூடு. நல்லவேளை, காலி. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக் கரி மாதிரி கறுப்பு. பிளக் ஓட்டை வழியாகக் கொஞ்சம் ஆயில் விட்டு, கயிற்றை மெல்ல இழுத்துப் பார்த்தேன். முதலில் அசையவில்லை. கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி இழுத்தேன். உள்ளே ஏதோ வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. இன்ஜின் இறுகிப்போகவில்லை!

பிறகு பெட்ரோல் டேங்க். மூடி துருவேறிக் கெட்டியாக இருந்தது. இடுக்கி போட்டுத் திருகி, மெஷினைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். தேன் நிறத்தில் நாற்றமெடுத்த பெட்ரோல் கொஞ்சம் வந்தது. அதன் பின்னால் கறுப்பாக, கட்டி கட்டியாக என்னவோ விழுந்தது. குச்சியால் கிளறினேன்.

தானியம். பொடிப் பொடியாக. உமியோடு.

"இது... சாமை இல்லியா?"

கணவர் எட்டிப் பார்த்தார். "ஆமா. எலி கொண்டாந்து போட்டிருக்கும். கொட்டகையில எலி ஜாஸ்தி."

சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாமியாரின் முறத்துச் சத்தம் நின்றிருந்தது.

நான் எழுந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏத்தே, மூடியத் திருகித் தொறந்து, சாமையப் போட்டு, மறுபடி இறுக்கி மூடிட்டுப் போவுமா எலி?"

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார்.

"இன்னா பண்ணச் சொல்ற? மரத்துல பட்டு மெஷின் எகிறி, பேண்ட்ட தொடையில கிழிச்சிடுச்சி. இவ்ளோ." சாண் விரித்துக் காட்டினார். "தோல்ல படல. வூட்டுக்கு வந்து சிரிக்கிறான். 'பேண்ட்டுதாம்மா போச்சி'ன்றான். எனக்குச் சோறு எறங்கல. அன்னிக்கே ஒரு பிடி அள்ளிப் போட்டுட்டேன்."

"ஏன் சாமை?"

"கையில அதான் இருந்திச்சி. எதுவா இருந்தாலும் வயிறு ரொம்பினா தூங்கிடும்ல?"

தூங்கத்தான் தூங்கியது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா வுடுவானா? நீயும் சொல்லாத." குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா... நீ அத்த கெளப்பித்தான் ஆவணுமா?"

நான் மரத்தைக் காட்டினேன். அதற்குக் கீழே இருந்த ஷீட்டைக் காட்டினேன்.

"எனக்குத் தெரியாதா? என் பேத்தியும்தான் அங்க படுக்குது. காவலூர் ஆளையே இன்னொருக்கா கேளு. கடையில சாமான் கெடைக்கலன்னு இவன்கிட்ட சொல்லிடு."

(என் கணவர் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை. அந்த தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

ஆக, அந்த பஸ்ஸில் நான் மெஷினோடு மட்டும் போகவில்லை. மாமியார் கற்றுக்கொடுத்த பொய்யையும் எடுத்துக்கொண்டு போனேன்.

ஒடுகத்தூர் மெக்கானிக் மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யாரும்மா ஓட்டப்போறது?"

"எங்க வூட்டுக்காரர்."

"யாரு செட் பண்றது?"

"நான்தான்."

பெட்ரோல் டியூப், ஃபில்டர், பிளக், ஸ்டார்ட்டர் கயிறு, கார்புரேட்டருக்குள் போடுகிற மெல்லிய ரப்பர்த் தகடு என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். இருக்கக் கூடாது, இருக்கக் கூடாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே நின்றேன்; ஒவ்வொன்றாக இருந்தது. கடைசியில் டியூபில் ஒரு துண்டு கூடுதலாக வெட்டிப் போட்டார்.

"இது எதுக்குண்ணே?"

"மொத தடவ மாட்டும்போது கிழிச்சிடுவீங்க. அதுக்கோசரம் மறுபடி மலையிலேர்ந்து எறங்கி வருவீங்க."

கிழித்தேன்தான்.

திரும்புகிற பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் மனசு மாறியது. இந்த வளைவில்: கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அடுத்த வளைவில்: காற்று அடித்தால்? அதற்கடுத்த வளைவில்: தொடை... வீட்டுக்கு வந்து பின்பக்கம் போய் நூல் பிடித்துப் பார்த்தேன். இன்னும் அரை விரற்கடை குறைந்திருந்தது. பையைப் பிரித்து சாமான்களை வரிசையாக எடுத்து வைத்தேன். மாமியார் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்குக் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஒரு வாரம், பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் தினமும் ஒரு மணி நேரம். கார்புரேட்டரின் பொடி ஓட்டைகளைப் பெட்ரோலில் கழுவி ஊதினேன். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உருண்டை அரத்தால் ஒவ்வொரு பல்லையும் தீட்டினேன். ஒரு பல் இடப்பக்கம் பார்க்கும், அடுத்தது வலப்பக்கம். எல்லாப் பல்லுக்கும் ஒரே மாதிரி மூன்று இழுப்பு. எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து எண்ணினேன். கணவர் அவசரத்தில் செயினைத் திசை மாற்றி மாட்டிவிட்டார். பிரிக்கும் முன் எடுத்த போட்டோவைக் காட்டிச் சரிசெய்தேன். அதற்கப்புறம் அவர் 'டீச்சரம்மா' என்று கூப்பிட்ட தொனியில் கிண்டல் கொஞ்சம் குறைந்தது.

பெட்ரோலில் லிட்டருக்கு நாற்பது மில்லி 2டி ஆயில் கலக்கச் சொல்லியிருந்தார் மெக்கானிக். எதில் அளப்பது? இனியாவின் ஜுர மருந்து மூடி பத்து மில்லி. நான்கு மூடி ஊற்றினேன். பிறகு அந்த மூடியைக் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். யாராவது கழுவி எடுத்து மறுபடி மருந்து கொடுத்துவிட்டால்? யார் கொடுப்பார்கள் என்று கேட்காதீர்கள். வீட்டில் மருந்து கொடுப்பது நான் மட்டும்தான்.

கடைசியாக பிரேக். கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கிறது. மெஷின் எகிறினால் கை பட்டு அது முன்னால் சாயும். செயின் அந்த நொடியே நின்றுவிட வேண்டும். இந்த மெஷினில் அது மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து இறுகி, அசையவே இல்லை.

"அத்த யாரு யூஸ் பண்றா? நான் ஓட்டின வரிக்கும் அது அப்படித்தான் கீது" என்றார் கணவர்.

"எகிறிச்சின்னா?"

"எதுக்கு எகிறப்போவுது? எனக்கு ஒரு தடவகூட எகிறினது இல்ல."

உள்ளே மாமியார் கையிலிருந்து ஒரு பாத்திரம் தடாலென்று விழுந்தது.

"இது வேலை செய்யாம மெஷின் வாசல் தாண்டாது" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. வகுப்பில்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

பிரேக் மூடியைக் கழற்றி, ஊசியால் நோண்டி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மூன்று நாள் ஆனது. நான்காம் நாள் 'டக்' என்று முன்னால் சாய்ந்தது.

ஸ்டார்ட் செய்த அன்று பதினோரு இழுப்பு வரை இருமியது. பன்னிரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. புகை, சத்தம், கொட்டகையில் ஆடுகளின் கூச்சல். இனியா காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். கணவர் முகத்தில், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்பு. செயின் ஓடும்போது பிரேக்கைத் தள்ளச் சொன்னேன். நின்றது. மறுபடி தள்ளச் சொன்னேன். நின்றது. பத்து தடவை.

"போதுமா?"

"இன்னும் ரெண்டு."

மரம் சாய்க்கிற நாளில் பைக் ஹெல்மெட், முட்டி வரை கம்பூட்ஸ், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜீன்ஸ் போட வைத்தேன். இனியா அவரைப் பார்த்துவிட்டு, "அப்பா எங்கம்மா?" என்று கேட்டாள். மரத்தின் உச்சியில் வடம் கட்டி, எதிர்ப்பக்கம் பக்கத்து நிலத்து டிராக்டரில் பூட்டினார்கள். அறையைக் காலி செய்து குழந்தையையும் மாமியாரையும் தூரமாக அனுப்பினேன். நான் போகவில்லை. போயிருந்தால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டிராக்டர் இழுக்க, மரம் யோசித்து யோசித்துக் காலி இடத்தில் விழுந்தது. கோழிக்கூண்டின் மூடி மட்டும் நசுங்கியது. கோழிகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் மெஷினுக்கு 'ஒரே ஒரு மரம்தான்' என்று யார் சொல்வது?

இரண்டாம் நாளே அங்கன்வாடியம்மா வந்தார். "டீச்சர், எங்க சுவத்தாண்ட ஒரு பட்ட மரம் நிக்குது. பசங்க வெளையாடற எடம். உங்க வூட்டுக்காரர அனுப்பறீங்களா?"

இனியா அங்கேதான் போகிறாள். அவளோடு இன்னும் பத்துப் பதினைந்து குழந்தைகள். என் குழந்தை தலைமேல் நிற்கிற மரத்துக்கு மெஷின் ஓடலாம், ஊர்க் குழந்தைகள் தலைமேல் நிற்பதற்கு ஓடக்கூடாது என்று எந்த வாயால் சொல்வது? "ஞாயித்துக்கிழமை வருவார்" என்றேன். மாமியார் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

ஞாயிற்றுக்கிழமை இனியாவுக்குச் சளி. நான் கூடப் போக முடியவில்லை. அங்கன்வாடி ஓடைக்கு அந்தப் பக்கம்; அங்கே போன் சிக்னல் கிடையாது. ஆனால் சத்தம் வரும். நானும் மாமியாரும் மொச்சை உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தோம். உர்ர்ர் என்று ஏறும்போது கிளை விழுகிறது என்று அர்த்தம். எவ்வளவு கொடூரமான சத்தம்! ஆனால் அது வருகிற வரையில் அவர் நன்றாக இருக்கிறார்.

திடீரென்று நின்றது.

"பெட்ரோல் ஊத்துவான்" என்றார் மாமியார்.

"ஆமாத்தே."

ஐந்து நிமிடம் போனது.

"செயின் லூசாயிருக்கும். இறுக்குவார்" என்றேன் நான்.

"ஆமாமா."

பத்து நிமிடம். என் கிண்ணத்தில் மொச்சைக்குப் பதில் தோல் கிடந்தது. பதினைந்து நிமிடம். பிரேக்கை நான் சரியாகத்தான் மாட்டினேனா? அந்தச் சின்ன ஸ்பிரிங்கை? இட்லித் தட்டின் எந்தக் குழியிலிருந்து எடுத்தேன்? போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்பிரிங் சரியாகத்தான் இருந்தது. மறுபடி பார்த்தேன்.

மாமியார் எழுந்து செருப்பைப் போட்டார். எங்கே என்று நான் கேட்கவில்லை. இனியாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். முதலில் நடை. பிறகு அது நடை இல்லை.

ஓடை இறக்கத்தில் இருக்கும்போது... உர்ர்ர்ர்.

இரண்டு பேரும் நின்றோம். மூச்சு வாங்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"வந்தது வந்துட்டோம். ரெண்டு கீரை பறிச்சிக்கினு போலாம்" என்றார் மாமியார்.

சாயந்திரம் தலையெல்லாம் மரத்தூளோடு வந்தார். இரண்டு காலும் இரண்டு கையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டேன். "நடுவுல எதுக்கு அவ்ளோ நேரம் நிறுத்தினீங்க?"

"டீ குடிச்சேன். அங்கன்வாடியம்மா வடையும் போட்டிருந்தாங்க. ஏன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து மாமியார் வந்துவிட்டார். அவர் கையில் கரண்டி இருந்தது.

"இனிமே டீ குடிக்கறதுன்னா மெஷின நிறுத்தறதுக்கு மின்ன ரெண்டு தடவ உர்ரு உர்ருன்னு ஏத்திட்டு நிறுத்து. சொல்ட்டேன்!"

ஏன் என்று அவர் கேட்டார். மாமியார் அடுப்பைப் பார்க்கப் போனார், நான் மொச்சையைப் பார்க்கப் போனேன். ஆனாலும் சொன்னபடி செய்கிறார்.

இப்போது என் கணவர் எப்போது டீ குடிக்கிறார் என்பது இந்த மலைக்கே தெரியும்.